பழைய கணினியும் புதிய மென்பொருளும்

புதியது வந்த மாத்திரத்தில் பழையதை ஒதுக்கிவிடுவது நம் காலத்தின் இயல்பாகிவிட்டது. கணினித் துறையில் இவ்வியல்பு எழுதாச் சட்டமாகவே நிலைபெற்றுள்ளது. புதிய மென்பொருள் பழைய இயங்குதளத்தில் ஓட மறுத்தால், 'இயங்குதளத்தை மாற்றுக. இயலாதாயின் கணினியையே மாற்றுக' என்பதே நமக்குக் கிடைக்கும் அறிவுரை. லினக்ஸைப் பொறுத்தவரை இவ்வறிவுரை பாதி உண்மையே என்பது நம் கருத்தாகும். மூலநிரல் கையில் இருக்கும்வரை மூன்றாவது வழியும் உண்டு. அம்மென்பொருளைப் பழைய அமைப்பிலேயே மீண்டும் தொகுத்துக் கொள்வதே அது.

புதிய நிரல் ஏன் ஓட மறுக்கிறது? எந்த நிரலும் தனித்து இயங்குவதன்று. அது பெரும்பாலும் க்னூ சி நூலகத்தைச் சார்ந்து நிற்கிறது. 2021இல் வெளிவந்த டெபியன் 11இல் அந்நூலகத்தின் 2.31ஆம் பதிப்பும், 2023இல் வெளிவந்த டெபியன் 12இல் 2.36ஆம் பதிப்பும் அமைந்துள்ளன. பின்னதில் தொகுக்கப்பட்ட நிரலை முன்னதில் இட்டால், தான் தேடும் பதிப்பைக் காணாமல் அது பெரும்பாலும் நின்றுவிடும். அதே மூலநிரலைப் பழைய அமைப்பில் தொகுத்தாலோ, அங்குள்ள நூலகத்தோடு இணங்கிவிடும்.

நூலகத்தையே புதிதாகக் கொணர்ந்து வைத்தால் என்ன என்று சிலர் வினவலாம். அமைப்பு முழுவதும் அந்நூலகத்தின்மேல் நிற்கிறது. அஸ்திவாரக் கல்லை உருவி மாற்றுவோர் கூரையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வாறு கண்டதையும் கலந்து சீர்கெட்ட அமைப்பை டெபியன் அன்பர்கள் 'பிராங்கன்டெபியன்' என்று எள்ளுவர்.

மீள்தொகுப்புக்குப் பொறுமை வேண்டும். ஒரு மென்பொருளைத் தொகுக்க வேறு சில துணைப்பொதிகள் தேவைப்படும். அவையும் புதியனவாக வேண்டுமெனில் அவற்றை முதலில் தொகுத்தாக வேண்டும். பதிப்பெண்ணின் இறுதியில் அலைக்குறியிட்டு அடையாளம் சேர்ப்பது நன்மரபு. அக்குறி பெற்ற எண், குறியில்லாத எண்ணுக்குக் கீழாகவே மதிக்கப்படும். ஆதலின், பிற்காலத்தில் அமைப்பை உயர்த்தும்போது அதிகாரபூர்வப் பொதி தானே வந்து நம் பொதியின் இடத்தில் அமர்ந்துகொள்ளும். பின்வருவோருக்கு இடையூறின்றி வழிவிடும் இப்பண்பு போற்றத்தக்கது.

எனினும் நாம் கண்மூடி இதனைப் பரிந்துரைக்கவில்லை. டெபியனின் 'பேக்போர்ட்ஸ்' சேமிப்பகம் இதே பணியை 2010 முதல் அதிகாரபூர்வமாகச் செய்து வருகிறது. முதலில் அங்கே தேடுதல் அறிவுடைமை. மேலும், நாமே தொகுத்த பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வாரா. அப்பொறுப்பு நம் தோள்மீதே விழுகிறது. 2014இல் வெளிவந்த சென்டோஸ் 7, 2024 ஜூன் 30இல் ஆதரவை இழந்தது. அத்தகைய அமைப்பில் ஒரு மென்பொருளை மட்டும் புதுப்பித்து இணையத்தில் இணைப்பது, அடித்தளம் சரிந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும்.

ஆயினும் சிலருக்கு இம்முயற்சி பொழுதுபோக்கன்று, தேவை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளுக்கான கருவையும் நிறுவியையும் வழங்கவில்லை. அத்தகைய கணினியே சொத்தாக உள்ள மாணவர் டெபியன் 12உடன் நின்றுவிட நேர்ந்தது. புதிய கணினி வாங்க வகையற்றவருக்கு மூலநிரலன்றி வேறு துணை யாது?

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தபோது, மென்பொருளைப் பயில்வதும் திருத்துவதும் பகிர்வதும் பயனாளரின் உரிமை என்னும் கொள்கைக்கு வித்திட்டார். உரிமை இருந்தும் அதனைப் பயன்படுத்தும் ஆற்றல் இல்லையெனில், அது ஏட்டுச் சுரைக்காயே ஆகும். எனவே கணினி பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு பொதியையேனும் தம் கையால் மீள்தொகுத்துப் பார்த்தல் வேண்டும். முதல்முறை பிழைச்செய்திகள் திரையை நிறைக்கக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துத் தீர்ப்பதே அவர்கள் பெறும் முதற்பாடம் என்போம்.