கடிதத்துக்குப் பூட்டு... கால்தடத்துக்கு?



"வாட்ஸ்அப்ல எல்லாமே என்கிரிப்ஷன் மச்சி, யாராலயும் ஒண்ணும் பார்க்க முடியாது!" - நம் கேன்டீனில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. பாதி உண்மைதான். மறையாக்கம் நாம் அனுப்பும் செய்தியைப் பூட்டுகிறது. நாம் நிற்கும் இடத்தைப் பூட்டுவதில்லை!

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் மேலிருந்து நம்மைப் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வெறும் ஒலிபரப்பு நிலையம். குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பிடித்து இடத்தைக் கணக்கிடுவது நம் செல்போன்தான். அதை வெளியே சொல்வது, நாமே 'அலோ' அழுத்திய செயலிகள்! லொகேஷனை அணைத்தாலும் டவர் இருக்கிறது. நமக்கு அழைப்பு வர வேண்டுமானால், எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று கம்பெனிக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

"தெரிஞ்சா தெரியட்டுமே, நான் என்ன திருடனா?" என்கிறீர்களா? ஜெர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மால்ட்டே ஸ்பிட்ஸ், தன் போன் கம்பெனியிடமிருந்து 6 மாதப் பதிவுகளைப் போராடி வாங்கி 2011-ல் வெளியிட்டார். 35,000-க்கும் அதிகமான பதிவுகள்! பேசிய ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஆனாலும் அவர் எங்கே தூங்கினார், எந்த ஊருக்குப் போனார் என்பதெல்லாம் படம் போட்டதுபோல் தெரிந்தது.

நம் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஜாமீனில் வந்தவர்கூட, தான் இருக்கும் இடத்தை கூகுள் மேப்பில் காவல்துறைக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டென்றால், நாம் ஏன் அதை ஒரு விளையாட்டுச் செயலிக்கு இனாமாகக் கொடுக்க வேண்டும்?

தோழர்களே, நாம் வெறும் பயனாளிகள் அல்ல. நாளை இவற்றைச் செய்யப்போகிறவர்கள். ஜி.பி.எஸ்., ஜி.எஸ்.எம். மாட்யூல்களை இணைத்து 'பஸ் டிராக்கிங்' புராஜெக்ட் செய்கிறோம். அது அனுப்பும் எஸ்.எம்.எஸ். கம்பெனிக்குத் திறந்த அஞ்சலட்டை! குழந்தைகள் ஏறிச் செல்லும் பஸ்ஸின் இடம் யார் கண்ணில் படும்? எத்தனை நாள் சேமிக்கப்படும்? எப்போது அழிக்கப்படும்? இந்த மூன்று கேள்விகளையும் வைவாவில் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. சர்க்யூட் டயகிராமுக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோமே!

இன்றே ஹாஸ்டலில் செட்டிங்ஸைத் திறந்து, லொகேஷன் தேவையில்லாத செயலிகளுக்கு 'நோ' சொல்லுங்கள். சிந்திப்போம்... செயல்படுவோம்!

- மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை