விலை கூடிய லென்ஸ் போட்ட பிறகு உம்மா ஏன் வாய் திறப்பதில்லை?



கட்டரக்ட் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போனால் நம்மில் பலர் கேட்பது இரண்டு கேள்விகள். "எவ்வளவு முடிஞ்சது?" "இப்ப பளிச்செண்டு தெரியுதா?" இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் அந்த உம்மா என்ன சொல்வார்? "அல்ஹம்துலில்லாஹ், நல்லாத் தெரியுது" என்றுதான் சொல்வார். மகன் கட்டாரில் உழைத்து அனுப்பிய காசு. சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வராது. மல்டிஃபோக்கல் லென்ஸ் போட்ட பலர் இப்படித்தான் மௌனமாக இருக்கிறார்கள். அந்த மௌனம் ஆபத்தானது.

சாதாரண லென்ஸ் ஒரு தூரத்துக்கு மட்டுமே குவியும். தூரம் தெளிவாகத் தெரியும், வாசிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோக்கல் லென்ஸ் கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு வைக்கிறது. ஒரு சஹனில் ஆட்கள் கூடினால் ஒவ்வொருவர் பங்கும் குறையும் அல்லவா? அதே கணக்குத்தான். மங்கிய வெளிச்சத்தில் எழுத்து மெலிந்து தெரியலாம். இரவில் மோட்டார் சைக்கிள் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியலாம். இது ஒப்பரேஷன் பிழைத்ததன் அடையாளம் அல்ல. இந்தப் புதிய பார்வைக்கு மூளை பழக வேண்டும். பலருக்குச் சில வாரங்கள் போதும், சிலருக்கு 6 மாதம் வரை செல்லும். மற்றக் கண்ணும் முடிந்த பிறகே சிலருக்குச் சரிவரும்.

ஆனால் பொறுத்திருக்கக் கூடாதவையும் உண்டு. வலியோ சிவப்போ கூடுதல், பார்வை குறைதல், மின்னல் போல வெட்டுதல், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகுதல், ஓரத்தில் திரை விழுந்தது போலத் தெரிதல். இவை கிருமித் தொற்றாகவோ விழித்திரை விலகலாகவோ இருக்கலாம். கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் "நல்லாத் தெரியுது" என்று சொல்பவரிடம் எது பழகும் தொல்லை, எது ஆபத்து என்று நாம் எப்படிப் பிரித்தறிவது?

எங்கள் வீட்டில் உம்மாவுக்கு மருந்து ஊற்றிய நாட்களில் "எப்படி இருக்கு?" என்று கேட்பதை விட்டுவிட்டோம். "நேற்றைவிட வலி கூடவா?" என்று கேட்டோம். மற்றக் கண்ணை மூடச் சொல்லி, கலண்டரில் திகதி தெரிகிறதா என்று பார்த்தோம். இப்படிக் கேட்டால் மறைக்க இடமில்லை.

சொட்டு மருந்து பெரும்பாலும் நான்கு கிழமை வரை ஊற்ற வேண்டியிருக்கும். கண் வெளுத்துவிட்டது என்று இடையில் நிறுத்தக் கூடாது. கையைக் கழுவிவிட்டு ஊற்ற வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. வைத்தியர் குனிய வேண்டாம் என்று சொன்ன நாட்களில் கதிரையில் இருந்து தொழலாம். வுழூவில் கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் என்ன செய்வது என்பதை ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. விலை கூடியது என்பதால் அது எல்லாருக்கும் பொருந்திவிடாது. சீனி வருத்தத்தால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கும் குளுக்கோமா முற்றியவர்களுக்கும் மல்டிஃபோக்கல் பொதுவாக உகந்ததல்ல. இரவில் ஓட்டோ ஓட்டுபவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும். சாதாரண லென்ஸ் போட்டு, குர்ஆன் ஓத மட்டும் கண்ணாடி போடுபவர் எந்த வகையிலும் குறைந்த வைத்தியம் பெற்றவர் அல்ல. லென்ஸைத் தெரிவு செய்ய வேண்டியது அவருடைய கண்ணையும் அன்றாட வேலையையும் பார்த்தே தவிர, ஊருக்குச் சொல்லிக்கொள்ள அல்ல.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, காசு அனுப்பியது பெரிய கைங்கரியம். அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. அதோடு இன்று ஒரு கோல் எடுத்து இதையும் சொல்லுங்கள்: "உம்மா, தெரியாட்டித் தெரியல்ல எண்டு சொல்லுங்க. காசப் பத்தி யோசிக்க வேணாம்."