மல்லிகைப் பூவும் மணமெழுகுவர்த்தியும்

பங்குனி, சித்திரை மாதங்களில் விடியற்காலையில் ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்கோ, திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டின் பூக்கடைகளுக்கோ செல்பவர், மல்லிகை வந்து குவிவதையும், பொழுது ஏற ஏற அதன் விலை இறங்குவதையும் ஒருங்கே காணலாம். எட்டரை, கோப்பு, போசம்பட்டி, வியாழன்மேடு முதலிய ஊர்களில் விடியுமுன் எழுந்து பறித்த மொட்டு அது. பனிக்காலத்தில் விலை ஏறி நிற்கும்; விற்கப் பூ இராது. கோடையில் பூ நிரம்ப உண்டு, விலை இராது. மிஞ்சிய பூவைக் கொண்டு வேறேதேனும் செய்யலாகாதா என்று பூப்பயிர் செய்யும் குடியானவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி.

சில ஆண்டுகளாக இக்கேள்விக்கு ஆயத்தமான ஒரு விடை ஊரெங்கும் வழங்கி வருகிறது. மிஞ்சிய பூவை உலர்த்தி மெழுகில் இட்டு மணமெழுகுவர்த்தி வார்த்தால் வீட்டுப் பெண்கள் நல்ல லாபம் காணலாம் என்பதே அது. இவ்விடை பாதி மெய், பாதி பொய் என்பது என் அபிப்பிராயம். மெழுகுவர்த்தி வார்ப்பது வீட்டிலே செய்யத் தக்க தொழில்தான், அதில் ஐயமில்லை. நம் தோட்டத்து மல்லிகையின் மணம் அம்மெழுகில் ஏறும் என்பதுதான் பொய். கடன் வாங்கி முதல் போடும் குடும்பங்களுக்கு இப்பொய்யினால் நேரும் நஷ்டம் சிறிதன்று.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டானது என் சொந்தப் பிழையினால். காவேரிக் கரையிலுள்ள ஓர் ஊரில் மகளிர் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, நானே முன்னின்று உலர்ந்த மல்லிகையைக் கண்ணாடிக் கிளாசிலே பரப்பி, மேலே மெழுகு வார்த்துக் காட்டினேன். பார்வைக்கு வெகு அழகாக இருந்தது. அவர்கள் அதன்படி நாற்பது கிளாசுகள் செய்து விற்றார்கள். வாங்கியவர் ஒருவர் வீட்டில் திரி எரிந்து இறங்கியதும், உலர்ந்த இதழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் திரியாகப் பற்றிக்கொண்டு, கிளாசின் வாய் முழுவதும் ஒரே சுவாலையாயிற்று, கிளாஸ் வெடித்தது, ஜன்னல் திரை கருகியது. ஒருவருக்கும் காயமில்லை. மீதி வத்திகள் யாவும் திரும்பி வந்தன. மணம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, கருகிய சருகின் வாடைதான் அடித்தது என்று அவ்வீட்டு அம்மாள் சொன்னார். அந்நாற்பது கிளாசுகளின் முதலை அக்குழுவினர் கட்டித் தீர்க்க எத்தனை மாதமாயிற்று என்பதை நான் அறிவேன்.

காரணம் யாதெனில், மல்லிகையின் மணம் இதழிலே சேமித்து வைக்கப்பட்ட பொருளன்று. பறித்த பின்னும் மொட்டு உயிரோடிருந்து, இரவிலே மலரும்போது மணத்தைச் சிறிது சிறிதாக உண்டாக்கி வெளிவிடுகிறது. உலர்த்தினால் பூ இறந்துபடுகிறது; மணமும் அதனோடு போகிறது. நீராவியில் வாலை வடித்தாலும் இப்பூ நல்ல தைலம் தருவதில்லை. உஷ்ணத்தில் மணம் கெட்டுவிடும். ஆகவே தொழிற்சாலைகளில் ஹெக்ஸேன் என்னும், எளிதில் தீப்பற்றும் கரைப்பானில் பூவை ஊறவைத்து, கான்கிரீட் என்னும் மெழுகு போன்ற பொருளை எடுத்து, அதைச் சாராயத்தில் கரைத்து அப்சல்யூட் என்னும் சத்தைப் பிரிக்கிறார்கள். இது வீட்டு அடுப்பங்கரையில் செய்யத் தக்க வேலையன்று, செய்யவும் கூடாது.

கணக்கையும் பார்ப்போம். 1,000 கிலோ பூவிலிருந்து ஏறக்குறைய 3 கிலோ கான்கிரீட்டும், அதிலிருந்து சுமார் பாதி அப்சல்யூட்டும் கிடைக்கும். 100 கிராம் மெழுகுள்ள ஒரு வத்திக்கு 5 கிராம் வாசனைச் சத்து வேண்டுமென்று வைத்துக்கொண்டால், அதற்கு வேண்டிய பூ சுமார் மூன்றேகால் கிலோ. மிக மலிந்த நாளின் விலையிலே அம்மூன்றேகால் கிலோவைக் கணக்கிட்டு, அதன்மேல் தொழிற்சாலைச் செலவையும் கூட்டி, அவ்வத்தியைக் கடைவீதியில் யார் வாங்குவர் என்று வாசகர்களே தீர்மானிக்கலாம். மல்லிகை மணமென்று கடைகளில் விற்கும் வத்திகளில் பெரும்பாலும் இருப்பது ரசாயனச் சாலையிலே கூட்டிய வாசனை. அதை உபயோகிப்பதில் குற்றமொன்றும் இல்லை. அதனை நம் தோட்டத்துப் பூவின் சாரமென்று சீட்டு ஒட்டி விற்பதே குற்றம்.

இனி, வீட்டிலே மெழுகுவர்த்தி வார்க்க விரும்புவோர் சாமான்களை எங்கே, எப்படி வாங்குவது என்பதைக் கவனிப்போம். கோட்டை மார்க்கெட் என்ற பெயரோடு 1868இல் தொடங்கி, பின்னர் காந்தியடிகளின் பெயரைப் பெற்ற நமது மார்க்கெட்டையும், அதைச் சூழ்ந்த தெருக்களையும் ஒரு முற்பகல் சுற்றினால், பாத்திரம், தராசு, பருத்தி நூல், நாட்டு மருந்துச் சரக்கு ஆகியவை கைக்கு எட்டும். அவசரப்பட்டு முதற்கடையிலேயே வாங்கிவிடலாகாது. எதையும் கால் கிலோவுக்கு மேல் முதல் தடவை வாங்கவும் வேண்டாம். வார்த்து எரித்துப் பார்த்த பிறகே மூட்டையாக வாங்குக.

மெழுகில் முக்கியமாக மூன்று வகை. பாரபின் மெழுகு மண்ணெண்ணெய்க் குடும்பத்தது; மலிவானது; வாசனையை நன்றாக வெளிவிடும். சோயா மெழுகு மிருதுவானது, ஏறக்குறைய 50 டிகிரி உஷ்ணத்திலேயே உருகும். கிளாசுக்குள் வார்க்கத்தான் ஏற்றது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். நம் ஊர்க் கோடையை எண்ணி இதைச் சொல்லுகிறேன்: நாற்பது டிகிரியைத் தாண்டும் அக்கினி நட்சத்திரத்தில், தகரக் கூரையின் கீழும் வெயிலில் நிற்கும் வண்டியிலும் மிருதுவான மெழுகு வளைந்து கண்ணீர் விடும். தேங்காயெண்ணெய் நம் வீட்டில் நிரம்ப இருக்கிறதே, அதை உறையவைத்து வார்க்கலாமே என்று ஒரு மாமி கேட்டார். 25 டிகிரியிலேயே உருகிவிடும் அவ்வெண்ணெய் மார்கழியில் வத்தியாக நிற்கும். மாசியில் விளக்கெண்ணெயாக ஓடும்.

வாசனைத் தைலம் வாங்கும்போது, மெழுகில் கலக்கத் தக்கதா என்று கேட்டு வாங்குக. பன்னீர் முதலான நீர் கலந்த வாசனை எதுவும் மெழுகோடு சேராது. அடியில் தங்கிய நீர், எரியும்போது சடசடவென்று தெறிக்கும். மணம் கூடுமென்று பச்சைக் கற்பூரத்தைப் பொடித்து இடுவது தீயோடு விளையாடுவதாகும். நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு தைலம் போதும். தேன்மெழுகுக்கு இன்னும் குறைவாகவே இடலாம். அதிகமானால் எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும். திரிக்குப் பின்னிய பருத்தித் திரியே நல்லது. பின்னிய திரி எரியும்போது நுனி வளைந்து தானே சாம்பலாகிவிடும். முறுக்கு நூலோ கரி பிடித்துப் புகை கக்கும். கிளாசின் அகலத்துக்குத் தக்க பருமன் எது என்பதை எரித்துப் பார்த்தே அறிய வேண்டும்.

மெழுகை நேரே அடுப்பின்மேல் வைக்கலாகாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரத்தை வைத்தே உருக்க வேண்டும். ஒருகால் பற்றிக்கொண்டால் தண்ணீரை ஊற்றாமல், மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். நீர் பட்ட எரிமெழுகு கூரை மட்டும் எழும்.

மேலே கூறியவற்றுள் நம் விவசாயிகளின் விளைபொருள் எது என்று பார்த்தால், ஒன்றே ஒன்றுதான் தென்படுகிறது. அது தேன்மெழுகு. அதைத்தான் நாம் எறிந்துகொண்டிருக்கிறோம். தென்னிந்தியத் தேனீக்கு ஏற்ற பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை கிராமவாசிகளுக்குப் பழக்கியவர் நியூட்டன் பாதிரியார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1991-92இல் தென்னாட்டில் சாக்குப்புழு நோய் பரவித் தேனீக் குடும்பங்கள் பெரும்பாலும் அழிந்தபின், தென்னந்தோப்புகளில் பெட்டி வைக்கும் வழக்கம் மெல்லத் திரும்பி வருகிறது. பெட்டி வைத்தவர்கள் தேனைக் கவனிக்கிறார்கள்; அறைகளின் மேல்மூடியைச் சீவி எறிந்துவிடுகிறார்கள்; பழைய அடைகளையோ மூலையில் போட்டு மெழுகு அந்துப்பூச்சிக்கு விருந்து வைக்கிறார்கள். தேனீக்கள் ஒரு கிலோ மெழுகைச் சுரக்க ஆறு முதல் எட்டுக் கிலோ வரை தேனைத் தின்றாக வேண்டும் என்பதை அறிந்தால் இவ்விதம் எறிய மனம் வருமா?

இதிலும் மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெட்டித் தேனீயில் அடையைத் திரும்ப வைத்துவிடுவதால் மெழுகு சொற்பமே. 100 கிலோ தேன் எடுத்தால் மூடிகளிலிருந்து 1 முதல் 2 கிலோ வரைதான் தேறும். ஆகையால் ஒரு வீட்டார் தனித்து இத்தொழிலை நடத்த இயலாது. பல ஊர் மெழுகு ஓரிடம் சேர வேண்டும். உருக்கும் முறை எளிது. மூடிகளையும் அடைகளையும் கழுவி, துணி முடிச்சாகக் கட்டி, மழைநீரிலே மெதுவாகக் காய்ச்சி அழுத்தினால், மெழுகு மேலே மிதந்து, ஆறியபின் வட்டத் தகடாக உறையும். அடியிலுள்ள அழுக்கைச் சுரண்டிவிட வேண்டும். இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும், எவர்சில்வர் உத்தமம். உப்புநீர்க் கிணற்றுத் தண்ணீரும் ஆகாது.

நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்குவோர் ஒரு துண்டை உடைத்துப் பார்க்கட்டும். அசல் மெழுகு மணல் மணலாக உடையும், தேன் வாடை வீசும், விரலிடையே பிசைந்தால் எண்ணெய்ப் பசையின்றி இளகும். பாரபின் கலந்தது வழவழப்பாகவும் கண்ணாடி போலும் இருக்கும். விற்பனைக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. கத்தோலிக்கக் கோயில்களின் பாஸ்கா வத்திக்குத் தேன்மெழுகே வெகுகாலமாக உரிய பொருள். மெயின்கார்டு கேட்டருகே லூர்து அன்னை ஆலயமும், பாலக்கரையில் சகாய மாதா ஆலயமும் உள்ள நகரம் இது. ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் கூட்டமும் ஆண்டுதோறும் இவ்வழியே போகிறது. தேன்மெழுகுக்கு இயற்கையாகவே மெல்லிய மணம் உண்டு. வாசனை சேர்க்காமலும் விற்கலாம்.

வாசனை சேர்க்கத்தான் வேண்டுமென்றால், நம் நிலத்திலிருந்து கிடைக்கக்கூடியது எலுமிச்சைப் புல். பசும்புல்லின் எடையில் நூற்றுக்குச் சுமார் 0.3 பங்கு தைலம் நீராவி வாலையில் இறங்கும். ஒரு வத்திக்கான 5 கிராமுக்குச் சுமார் ஒன்றே முக்கால் கிலோ புல் போதும். புல்லோ அறுக்க அறுக்கத் துளிர்ப்பது. மணப்பாறை, துறையூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் சில சென்ட் அளவில் இதைப் பரீட்சை செய்து, பல ஊருக்கும் பொதுவாக ஒரு வாலை வைத்தால், மெழுகும் மணமும் நம் மண்ணுடையதென்று கூசாமல் சீட்டு ஒட்டலாம். சீட்டில் நிகர எடை, செய்தவர் விலாசம், விலை ஆகியவை 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி இருந்தாக வேண்டும் என்பதையும் மறவற்க.

அப்படியானால் மிஞ்சிய மல்லிகைக்கு என்ன வழி? அதை மெழுகோடு முடிச்சுப் போடாமல் தனியே யோசிக்க வேண்டும் என்பதே என் கட்சி. வடநாட்டில் கன்னோசி, ஜோன்பூர், காஜீப்பூர் முதலிய இடங்களில் ஒரு பழைய முறை உண்டு. உமி நீக்கிய எள்ளையும் புதுப் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூ வாடியதும் நீக்கி வேறு பூவை இட்டு, இவ்விதம் பல நாள் செய்தபின் அவ்வெள்ளை ஆட்டுவார்கள். உயிருள்ள பூ வெளிவிடும் மணத்தை எள் வாங்கிக்கொள்ளும், அடுப்பே வேண்டுவதில்லை. கூந்தல் தைலமாக அது விற்கும். எள்ளும் செக்கும் நமக்குப் புதியவையல்ல. கோடையில் மலிந்த பூவை வைத்து ஒரு படி எள்ளில் செய்து பார்ப்பதால் நஷ்டம் அதிகமிராது. பூ ஏராளமாக மிஞ்சும் நாட்களிலோ, சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்துச் சத்துச் சாலைகளுக்குப் பல ஊர்ப் பூவை ஒன்றுசேர்த்து அனுப்ப ஏற்பாடு வேண்டும். தனி ஒருவன் கூடையோடு அங்கே போய் விலை பேச முடியாது.

இலாகாவுக்கு என் விண்ணப்பம் இரண்டு. உலர்பூ வத்தி செய்முறையை எந்தப் பயிற்சியிலும் இனிக் காட்டலாகாது. நான் காட்டியதே போதும். அடுத்து, சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலோ அல்லது வேறு தக்க இடத்திலோ, பழைய அடைகளை எடைபோட்டு வாங்கி உருக்கிக் கொடுக்கும் நாளொன்றை மாதந்தோறும் ஏற்படுத்த வேண்டும். அதுவரை பெட்டி வைத்திருக்கும் அன்பர்கள் சீவிய மூடிகளையும் கறுத்த அடைகளையும் வெளியே எறியாமல், அன்றைக்கன்றே உருக்கித் தகடாக்கிக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார்களாக. உருக்கிய மெழுகை அந்துப்பூச்சி அண்டாது.