பூட்டிய போனும் உப்புத் தண்ணீரும்

போன வாரம் எங்கள் வீட்டு அரிசி டின்னில் இரண்டு நாள் ஒரு கைப்பேசி குடியிருந்தது. என் மச்சானுடைய போன். மச்சான் என்றால் மனைவியின் சித்தப்பா மகன்; பழவேற்காடு ஏரியில் இறாலும் நண்டும் பிடிக்கிறவர். விடியற்காலை வலையைத் தூக்கும்போது அது சட்டைப் பையிலிருந்து நழுவி, படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்திருக்கிறது. ஏரிக்குள் கூட இல்லை, படகுக்குள்ளேயேதான். உடனே எடுத்துத் துடைத்திருக்கிறார். விளக்கு எரிந்திருக்கிறது. வியாபாரியிடம் இறால் விலை கூடக் கேட்டிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்தபோது போன் செத்துவிட்டது.

"மாமா, நீங்க இங்கிலீஷ் படிக்கிறவரு, கம்பெனிக்காரன்கிட்ட பேசுங்க" என்று கொண்டுவந்து கொடுத்தார். நான் படித்தது பிரெஞ்சு என்று அவருக்குப் பல தடவை சொல்லியாகிவிட்டது. அவரைப் பொறுத்தவரை தமிழ் அல்லாத எல்லாமே இங்கிலீஷ்தான். நான் பேசுவதற்குள் என் வீட்டம்மா போனை அரிசியில் புதைத்துவிட்டாள். யூடியூபில் பார்த்தாளாம்.

மூன்றாம் நாள் பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து சென்னைக்கு மின்சார ரயில், பிறகு ஆட்டோ. கம்பெனியின் சர்வீஸ் சென்டர் (பெயர் வேண்டாம்) குளுகுளுவென்று இருந்தது. டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒரு பையன் சிம் தட்டை உருவி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், ஸ்டிக்கர் சிவப்பாயிடுச்சு. லிக்விட் டேமேஜ். வாரண்டி கிடையாது. போர்டு மாத்தணும், 9,800 ஆகும்" என்றான். போன் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. விலை 16,000.

"தம்பி, தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றுதானே விளம்பரத்தில் முக்கி முக்கிக் காட்டுகிறீர்கள்?"

"அது நல்ல தண்ணி சார்."

38 வருடம் புதுவையில் அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியவன் நான். சிறிய எழுத்து என்றால் எனக்குப் பயமில்லை, கண்ணாடிதான் வேண்டும். வீட்டுக்கு வந்து அந்த வாரண்டிக் காகிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன். பையன் சொன்னது சரி. ஐபி 67, ஐபி 68 என்று பெட்டியில் போடுகிறார்களே, அந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். கடல் தண்ணீர், உப்பங்கழித் தண்ணீர் எதற்கும் அதில் இடமில்லை. ஒரு தடவை கீழே விழுந்து ஓரம் கொஞ்சம் விலகினாலும் அந்தக் காப்பு போய்விடும். ஆக, பெட்டியின் முன்பக்கம் தண்ணீர் புகாது என்கிறது. உள்ளே இருக்கும் காகிதம், புகுந்தால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறது. ஒரே கோப்பில் இப்படி இரண்டு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தால் எங்கள் கண்காணிப்பாளர் கோப்பைத் தூக்கி முகத்தில் எறிந்திருப்பார்.

மறுநாள் பழவேற்காடு பஜாரில் ஒரு கடைக்குப் போனேன். கடை என்ன கடை, ஒரு மேசை, ஒரு விளக்கு, மேலே பழைய போன் உறைகள் தொங்கும் கம்பி. தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சொன்னதைக் கேட்டுவிட்டு, "அரிசியில போட்டீங்களா ஐயா?" என்றார். ஒரு அரிசி மணி சார்ஜர் துளையில் சிக்கியிருந்தது. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அவர் போனைத் திறந்ததை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சிம் தட்டை எடுத்தார்; அதை மறந்துவிட்டுப் பிரித்தால் உள்ளே உடையுமாம். முதுகு மூடியைச் சூடான தட்டின் மேல் சில நிமிடம் வைத்தார். ஒட்டியிருக்கும் கோந்து இளக வேண்டும், பேட்டரி சூடேறக் கூடாது, அந்த அளவு அவர் விரலுக்குத் தெரிகிறது. பிறகு கிடார் வாசிப்பவர்கள் வைத்திருக்கும் முக்கோண வில்லை போன்ற ஒரு பிளாஸ்டிக்கை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நான்கு பக்கமும் ஓட்டினார். மூடி திறந்ததும் பதினைந்து பதினாறு திருகாணி. ஒவ்வொன்றையும் கழற்றி, வெள்ளைத் தாளில் போன் மாதிரி ஒரு கட்டம் போட்டு அதது இருந்த இடத்திலேயே வைத்தார். எல்லாம் ஒரே நீளம் இல்லை; நீளமானதைத் தப்பான துளையில் முறுக்கினால் போர்டு துளைத்துவிடும் என்றார். அடுத்தபடியாக, எதையும் தொடுமுன், பேட்டரியின் இணைப்பை பிளாஸ்டிக் குச்சியால் நெம்பி எடுத்தார். "மொதல்ல கரண்ட்டை நிறுத்தணும் ஐயா. மத்ததெல்லாம் அப்புறம்தான்."

கீழ்ப்பக்கம் சார்ஜர் சொருகும் சிறிய போர்டு இருக்கிறது, சி.சி. போர்டு என்கிறார்கள். அதில் பச்சையாகப் பூத்திருந்தது. பித்தளைக் குத்துவிளக்கில் படியுமே, அந்தப் பச்சை. பெரிய போர்டின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு. ஐ.பி.ஏ. என்று ஒரு ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷை முக்கித் தேய்த்தார், மல்டிமீட்டரை வைத்து எங்கே ஷார்ட் என்று தேடினார், மறுபடி தேய்த்தார். சி.சி. போர்டைப் புதிதாகப் போட்டார். போன் உயிர் பெற்றது. மொத்தம் 650 ரூபாய்.

"உத்தரவாதம் தர மாட்டேன் ஐயா. உப்பு உள்ள போயிருக்கு. ஆறு மாசமும் ஓடும், ஆறு வாரத்துலயும் போகும். பேட்டரியை மட்டும் படகுலயே கழட்டியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இதை எழுத வைத்தது.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் சின்ன வகுப்பில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்துப் படிப்பது. இலை, பூட்டு, மெழுகுவத்தி, ஆட்டு எலும்பு எது வேண்டுமானாலும் மேசைக்கு வரும். பெரிய வகுப்பில் ஆசிரியர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு கம்பியை அதில் விட்டார். நுரை வந்தது. ஒரு பக்கத்துச் செப்புக் கம்பி எங்கள் கண்ணெதிரே அரித்துக்கொண்டே போனது. எலெக்த்ரோலீஸ், மின்னாற்பகுப்பு. கம்பியைப் பேட்டரியிலிருந்து எடுத்ததும் நுரை நின்றது. அவ்வளவுதான் பாடம்.

மச்சானின் சட்டைப் பையில் ஒன்றரை மணி நேரம் நடந்ததும் அதே பாடம்தான். உப்பு இருந்தது, தண்ணீர் இருந்தது, செம்பு இருந்தது, பேட்டரியும் இருந்தது. நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில் மின்சாரம் பல மடங்கு எளிதாக ஓடும். கோடையில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் எங்கள் ஏரியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். இதில் அரிசி என்ன செய்யும்? ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சலாம், உப்பை உறிஞ்சாது. காய்ந்த உப்பு உள்ளேயே உட்கார்ந்து, காற்றில் ஈரம் வந்ததும் மறுபடி வேலையைத் தொடங்கும். ஏரிக்கரையில் எப்போது காற்றில் ஈரம் இல்லை? (2024-இல் ஆப்பிள் கம்பெனியே அரிசியில் போடாதீர்கள் என்று எழுதிவிட்டது. வீட்டம்மாவிடம் காட்டினேன். அந்த அரிசியை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.)

அப்படியானால் விழுந்த உடனே செய்ய வேண்டியது ஒன்றே: மின்சாரத்தை நிறுத்துவது. பழைய நோக்கியாவில் நகத்தால் மூடியைத் தள்ளினால் பேட்டரி கையில் வந்து விழும். படகில் உட்கார்ந்தபடியே, ஈரக் கையோடு, இருட்டில் செய்யலாம். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் ஒரு அலசு அலசிக் காய வைத்தால் பாதிக்கு மேல் பிழைத்துவிடும். இன்றைய போனில் பேட்டரியைக் கோந்து போட்டு ஒட்டி, மூடியைக் கோந்து போட்டு ஒட்டி விற்கிறார்கள். மீனவர் என்ன, சூடான தட்டையும் பதினாறு திருகாணிக்கான சாவியையும் படகில் தூக்கிக்கொண்டா போவார்? அவரால் முடிந்தது அணைப்பது மட்டும். அணைத்த பிறகும் பேட்டரி போர்டோடு இணைந்தே இருக்கிறது; சில இடங்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்கிறார்கள். அந்தக் கோந்து, புகுந்த உப்பையும் பேட்டரியையும் சேர்த்து உள்ளே பூட்டி வைத்தது.

ஒட்டினால்தான் தண்ணீர் காப்பு என்பதும் பொய். 2014-இல் வந்த சாம்சங் எஸ்5 ஐபி 67 தரம் பெற்றது. அதன் மூடியைக் கையால் திறந்து பேட்டரியை எடுக்கலாம். அதே கம்பெனி எக்ஸ்கவர் என்ற வரிசையில் கழற்றும் பேட்டரியோடு ஐபி 68 போன்களை இன்றும் செய்கிறது. மூடியின் ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவே. குக்கருக்கு கேஸ்கெட் போடத் தெரிந்த நாட்டில் இது பெரிய விஞ்ஞானமா? செய்யத் தெரியும், செய்ய மனமில்லை. பேட்டரி மூன்று வருடத்தில் தளரும்போது நாம் பேட்டரி வாங்கக் கூடாது, போன் வாங்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரன் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான்: 'ஓப்ஸொலெஸான்ஸ் ப்ரொக்ராமே', திட்டமிட்டுப் பழசாக்குவது. 2015-இல் அதைக் குற்றமாகவே சட்டம் போட்டார்கள், இரண்டு வருடச் சிறை, 3 லட்சம் யூரோ அபராதம் வரை. 2021 ஜனவரி முதல் 2025 ஜூன் வரை அங்கே கடையில் போனின் பக்கத்தில் பத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்று ஒட்ட வேண்டியிருந்தது: பிரிப்பது எளிதா, உதிரி பாகம் கிடைக்குமா, என்ன விலை, பழுதுபார்க்கும் விவரம் தருகிறார்களா என்றெல்லாம் பார்த்து. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய ரகங்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் முக்கிய உதிரி பாகங்கள் கிடைத்தாக வேண்டும். பிரெஞ்சுக்காரனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மதிப்பெண்ணைக் கம்பெனியே போட்டுக்கொண்டது. தேர்வு எழுதியவனே தாளைத் திருத்துகிற கதை.

நம் டில்லியும் சும்மா இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது, அந்த டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஓர் இணையதளம் திறந்தது. 2024 செப்டம்பரில் இன்னொரு குழு. 2025 மே மாதம் அறிக்கை. அதிலும் மதிப்பெண்தான், அதையும் கம்பெனிகளே அறிவிக்கலாம். நான் கிளார்க்கு. 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்ய வேண்டும்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் என் வாழ்க்கை ஓடியது. 'செய்யலாம்' என்று எழுதி வந்த ஆணையை ஒருவரும் செய்து நான் பார்த்ததில்லை. மதிப்பெண் கடை வாசலில் நிற்கிறவனுக்கு உதவும். படகில் இருக்கிறவனுக்குப் பேட்டரி கழன்று வர வேண்டும்.

ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், பெரிய பதவியில் இருந்தவர், போனில் சண்டைக்கு வந்தார். "மூலைக் கடையில் போலி பேட்டரி போட்டு வெடித்தால் யார் பொறுப்பு?" நல்ல கேள்வி. லித்தியம் பேட்டரி விளையாட்டு இல்லை. உப்பியதைக் குத்தினால் தீ பிடிக்கும், அதை நம் தம்பியே சொல்கிறார். ஆனால் போலி ஏன் வருகிறது? அசல் பேட்டரியைக் கம்பெனி அந்தக் கடைக்கு விற்காது. சர்க்யூட் படத்தைக் கொடுக்காது. அவர் பொன்னேரியில் ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய், கிடைத்ததைத்தான் வாங்கி வருகிறார். சோற்றுப் பானையைப் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளை தெருவில் வாங்கித் தின்கிறான் என்று புகார் சொல்வதா? அவரை 'அங்கீகாரம் பெறாதவர்' என்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற இடத்தில் எனக்குக் கிடைத்தது டோக்கனும் ஏசிக் காற்றும்.

ஸ்ரீபெரும்புதூர் இங்கிருந்து தூரமில்லை. 2014-இல் மூடும்வரை நோக்கியா ஆலை அங்கே இருந்தது. இப்போது ஐபோனே அங்கே பூட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கில் நம் ஊர்ப் பெண்கள் அந்தத் திருகாணிகளை முறுக்குகிறார்கள். முறுக்க நம் பிள்ளைகள் வேண்டும், கழற்ற மட்டும் நம் பிள்ளைகளுக்கு அங்கீகாரம் கிடையாதாம்.

எட்டு மாதப் போன்தானே, புதுசு வாங்கிக்கொள்ளட்டும் என்று என் மகனே சொன்னான். மச்சானின் ஏரி வருமானம் அவனுக்குத் தெரியாது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடலாம் என்பது பாடு முறைப்படி நடக்கும். தன் முறை வருகிற நாளில் நல்ல பாடு கிடைத்தால்தான் கையில் காசு. வியாபாரியைப் பிடிப்பதும், காற்று எச்சரிக்கை பார்ப்பதும், பேங்கிலிருந்து வரும் ஓ.டி.பி.யும் அந்தப் போனில்தான். அது செத்திருந்த அந்த நாட்களில் பிடித்த நண்டை, விலை கேட்க வழியில்லாமல், கரையில் நின்றவர் சொன்ன விலைக்குக் கொடுத்திருக்கிறார்.

நுகர்வோர் விவகாரத் துறைச் செயலருக்கு இரண்டு பக்கம் எழுதி, தபாலில் அனுப்பியிருக்கிறேன். கேட்டது ஒன்றுதான்: இந்தியாவில் விற்கும் போனின் பேட்டரி, கருவி எதுவும் இல்லாமல் கையால் கழற்றும்படி இருக்க வேண்டும். 'வேண்டும்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். அனுப்புமுன் மச்சானிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஈரக் கையால கழட்டுற மாதிரின்னு போடுங்க மாமா" என்றார். உறையைப் பிரித்து அதையும் சேர்த்தேன்.