கணக்குப் போடாத குற்றம்

2021 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஜெய்ப்பூரில் ஆமேர் கோட்டைக்கு அருகே குன்றின் மேல் நிற்கும் பழைய காவல் கோபுரத்தில், மழையைப் பார்க்கவும் படம் எடுத்துக்கொள்ளவும் ஏறியவர்கள் மீது மின்னல் இறங்கியது. 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். இரங்கல் வந்தது, நிவாரணம் அறிவிக்கப்பட்டது, இயற்கையின் சீற்றம் என்று பேச்சு முடிந்தது. அந்தத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை.

மின்னல் எந்த நொடியில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கே விழ வாய்ப்பு அதிகம் என்று சொல்ல முடியும். அதற்கான கணக்கு ஐஇசி 62305 என்ற பன்னாட்டுத் தரமாக 2006 முதல் இருக்கிறது. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. ஒரு வட்டாரத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை மின்னல் தரையைத் தொடுகிறது என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். கட்டடத்தைச் சுற்றி, அதன் உயரத்தைப் போல் மூன்று மடங்கு தூரம் வரையுள்ள பரப்பில் விழக்கூடியதெல்லாம் கட்டடத்தின் மேலேயே விழும் என்று வைப்பார்கள். பிறகு அமைவிடம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருந்தால், கட்டடத்தின் மேல் விழக்கூடிய மின்னல்களின் எண்ணிக்கையைக் கால்பங்காக்குவார்கள்; குன்றின் உச்சியில் தனித்து நின்றால் இரட்டிப்பாக்குவார்கள். அதே கோபுரம், இடம் மாறியதும் அபாயம் எட்டு மடங்கு! அங்கே எத்தனை பேர், ஆண்டில் எத்தனை மணி நேரம் இருப்பார்கள் என்பதும் கணக்கில் சேரும். உயிரிழப்புக்கான அபாயம் ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்றைத் தாண்டினால் பாதுகாப்பு செய்தாக வேண்டும்.

விடுமுறை மாலையில் கூட்டம் ஏறும் குன்றுக் கோபுரம் இந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்று அறிய ஆய்வுக்குழு தேவையில்லை. எண்ணெய்க் கிடங்குக்கும் தரவு மையத்துக்கும் இதைப் போடுகிறார்கள். காப்பீட்டு நிறுவனம் கேட்கும், முதல் போட்டவர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு குன்றேறும் பையனுக்காகக் கேட்க ஆளில்லை. பொது இடத்தை மக்களுக்குத் திறந்துவிட்டு அதன் அபாயத்தை அளக்காமல் இருப்பது குற்றம். சட்டம் அதை இன்னும் அப்படி அழைக்காவிட்டாலும் நாம் அப்படித்தான் அழைக்கிறோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். பெரும்பாலோர் கிராமத்தில், வயல்வெளியில் இருந்தவர்கள். அதனால் நகரங்கள் இதைத் தங்கள் கவலையாக நினைப்பதில்லை. ஆனால் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தின் மேல் சுற்றுப்புறத்தைவிட அதிக மின்னல் விழுவதை ஆய்வாளர்கள் 2001-லேயே எழுதிவிட்டார்கள். நகரத்தின் வெப்பமும் காற்று மாசும் காரணமாகச் சொல்லப்பட்டன. நம் நகரங்களில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை.

மின்னல் எச்சரிக்கை தரும் 'தாமினி' செயலி இருக்கிறதே என்பார்கள். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்ல கருவி அது. ஆனால் எச்சரிக்கை வரும்போது கோபுரத்தின் குறுகிய படிக்கட்டில் எத்தனை பேர் இறங்கிவிட முடியும்? இடிதாங்கி வைத்தாலும் போதாது. அது கட்டடத்தைக் காக்கும். திறந்த மேல்தளத்தில் நிற்பவருக்கு அது உத்தரவாதமல்ல. இடி முழக்கம் கேட்டதுமே இடத்தைக் காலிசெய்வதுதான் அங்கே ஒரே வழி.

மாவட்ட அளவில் சிவப்பும் மஞ்சளும் தீட்டிய மின்னல் அபாய வரைபடத்தால் நகரத்துக்குப் பயனில்லை. ஒவ்வொரு மாநகராட்சியும் வார்டு வார்டாக, மைதானம், கடற்கரை, குன்று, கோட்டை, கட்டுமானத் தளம் என மக்கள் திறந்தவெளியில் கூடும் இடங்களைக் குறித்து, அபாயத்தைக் கணக்கிட்டு, அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எந்தக் கோபுரத்தை எப்போது மூட வேண்டும், மூடும் அதிகாரம் எந்த அலுவலருக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும். அடுத்த பருவமழைக்குள் இதைச் செய்யாத மாநகராட்சி, இனி நடக்கும் சாவுக்கு வானத்தின் மேல் பழிபோட முடியாது.