நாலு காப்பி இருக்கு, பேக்கப் ஒண்ணுகூட இல்லை

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டி.பி.எம். 2.0 வேண்டும், புது பிராசசர் வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனை. அதனால் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் வரைக்கும் இதே பேச்சுதான். சிலர் மேக் வாங்கினார்கள். சிலர் காலேஜ் படிக்கும் பையன் பேச்சைக் கேட்டு பழைய மெஷினிலேயே லினக்ஸ் மிண்ட் போட்டார்கள். மாறட்டும், நல்லதுதான். ஆனால் மாறும்போது ஆளாளுக்கு ஒரு அறிவுரை சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகவில்லை.

"முதல்ல டூப்ளிகேட் ஃபைலை எல்லாம் அழிச்சு சுத்தம் பண்ணுங்க சார், இடம் கிடைக்கும், அப்புறம் பேக்கப் எடுங்க."

இதைவிட ஆபத்தான யோசனை வேறு இல்லை. வரிசையே தலைகீழ்.

வங்கிக் கிளையில் ஸ்ட்ராங் ரூமுக்கு டூப்ளிகேட் சாவி உண்டு. அது எங்கே இருக்கும் தெரியுமா? மேனேஜர் மேஜை டிராயரில் இல்லை. வேறு கிளையில், ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்திருப்போம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதை வரவழைத்து, பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்ப்போம். ஒரிஜினல் சாவிக்கொத்திலேயே இன்னொரு சாவியையும் மாட்டிவைத்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பா?

நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நடப்பது அதுதான். "டெஸ்க்டாப் பழசு" என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் "நியூ ஃபோல்டர் (2)". அதற்குள் "பேக்கப் ஃபைனல்". பக்கத்தில் "பேக்கப் ஃபைனல் புதுசு". எல்லாம் ஒரே டிஸ்க். டி டிரைவ், ஈ டிரைவ் என்று பிரித்திருந்தாலும் உள்ளே சுற்றுவது ஒரே தகடுதான்.

எங்கள் குடியிருப்பில் ஒரு தஞ்சாவூர்க் குடும்பம். கடைக்காரர் ஒருவரிடம் மெஷினைக் கொடுத்தார்கள். அவர் எல்லா ஃபோல்டரையும் ஒன்றாகக் கொட்டினார். "அதே பெயரில் ஃபைல் இருக்கு, என்ன செய்ய?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. எல்லாவற்றுக்கும் "ரிப்ளேஸ்" என்று ஒரே அழுத்து. பிறகு டிஸ்கை ஃபார்மட் செய்து புது சிஸ்டம் போட்டு, "சாரா டேட்டா லே லியா சார்" என்று கொடுத்துவிட்டார். டிஜிட்டல் கேமராவின் எண்ணிக்கை 9999 வரைக்கும்தான், அப்புறம் மறுபடி 0001. கார்டை மாற்றினாலும் சில கேமராக்களில் 0001. ஆக, 2008-ல் திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாணத்துப் படங்களும், பிற்பாடு போன சிம்லா டூர் படங்களும் ஒரே பெயர். சிம்லா மிஞ்சியது. கல்யாணம் போயிற்று. அந்த மாமா 2021-ல் காலமாகிவிட்டார். மாமி என்னிடம் கேட்டது இது: "ஏன் சார், நாலு இடத்துல இருந்துதே, எப்படிப் போச்சு?" நாலு ஃபோல்டர் மாமி, நாலு இடம் இல்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மீட்க முடியாதா என்றால், பழைய ஹார்ட் டிஸ்காக இருந்தால் ஓரளவு வாய்ப்புண்டு. எஸ்.எஸ்.டி. என்றால் ட்ரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைக் காலி செய்துவிடும், அநேகமாக ஒன்றும் தேறாது. மிஞ்சியது வாட்ஸப்பில் சுற்றிய சில படங்கள். வாட்ஸப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், எடுத்த தேதி விவரமும் உதிர்ந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஃபிரேம் போடப் பெரிதாக்கினால் மாமா முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்குக் கூடுதல் சங்கடம் உண்டு. விண்டோஸில் ஒரு ஃபைல் பெயர் 255 குறியீடு வரை போகலாம். லினக்ஸில் வழக்கமாக 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், "கு" என்ற எழுத்துக்கே இரண்டு குறியீடு, ஆக 6 பைட். "அம்மா அப்பா அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர் அபிராமி கோயில் பிரகாரத்தில் சித்தப்பா குடும்பத்தோடு எடுத்த படங்கள்" என்று ஆசையாகப் பெயர் வைத்திருந்தால் லினக்ஸ் "பெயர் நீளம்" என்று சொல்லி ஏற்காது. நூற்றுக்கணக்கான ஃபைல் ஓடும்போது "ஸ்கிப்" என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள்தானே நாம் :-)

இன்னொன்று. "பொங்கல்" என்பதில் வரும் "பொ"வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. பழைய மேக் பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். அதிலிருந்து லினக்ஸுக்குக் கொண்டுவந்தால் ஒரே இடத்தில் இரண்டு "பொங்கல்" ஃபோல்டர் நிற்கும். இரண்டில் ஒன்று டூப்ளிகேட் என்று திறந்துகூடப் பார்க்காமல் அழிப்பார்கள். உள்ளே வேறு வேறு வருஷத்துப் பொங்கல் இருக்கும்.

பாமினியிலும் டிஸ்கியிலும் அடித்த பழைய கடிதங்கள் தனிக் கதை. ஃபைல் வந்துவிடும், ஃபான்ட் வராது. குப்பை என்று நினைத்து அழிக்கப்படுவதில் முதலிடம் இவைக்குத்தான். ஃபான்ட் ஃபைலையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

"எங்களுக்குக் கிளவுட் இருக்கு சார்" என்பவர்களுக்கு: சிங்க் என்பது பேக்கப் இல்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஒன்டிரைவில் சில ஃபைல்கள் பெயர் மட்டும்தான் உங்கள் டிஸ்கில் இருக்கும், சரக்கு இணையத்தில். லினக்ஸ் சி.டி.யைப் போட்டு டிஸ்கை அப்படியே காப்பி எடுத்தால் அந்த ஃபைல்கள் கைக்கு வராது. அரசாங்கமே ஏமாந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 26-ம் தேதி தென் கொரியாவில் தேஜான் நகரத்து அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் போயிற்று. அவ்வளவு பெரிதை பேக்கப் எடுக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். லினக்ஸ் மிண்ட் நண்பர்கள் டைம்ஷிஃப்ட்டை நம்பி இருப்பதும் இதே ரகம். அது சிஸ்டத்தைக் காப்பாற்றும். நீங்களாகச் சொல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் படங்களை அது தொடாது.

சரி, என்னதான் செய்வது? பழைய டிஸ்கில் இருப்பதைக் குப்பையோடு சேர்த்து அப்படியே ஒரு வெளி டிஸ்குக்கு எடுங்கள். இன்னொரு வெளி டிஸ்கிலும் எடுங்கள், அது ஊரில் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். வெளியூரில் பிழைக்கும் நமக்கு இந்த வசதி இருக்கிறது, பயன்படுத்துவதில்லை. பென்டிரைவ் எஃப்.ஏ.டி.32 என்றால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கல்யாண வீடியோ அதில் ஏறாது, கவனியுங்கள். எடுத்ததை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், பத்துப் படம், இரண்டு வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன். டூப்ளிகேட் பேச்சு இதற்கப்புறம்தான். அப்போதும் பெயரையோ தேதியையோ நம்பக்கூடாது. எஃப்டூப்ஸ், டூப்குரு போன்ற இலவச மென்பொருள்கள் ஃபைலின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும். அச்சாக ஒன்றாக இருப்பதை மட்டும் நீக்குங்கள். "ஏறக்குறைய ஒன்று" என்று காட்டுவதை நீங்களே கண்ணால் பாருங்கள்.

உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது ஒரே ஒரு ஏட்டை வைத்து அல்ல. ஊர் ஊராகத் தேடிய பல பிரதிகளை ஒப்பிட்டுத்தான். இதுதான் ஏற்கனவே இருக்கிறதே என்று இரண்டாவது பிரதியை அவர் ஒதுக்கியிருந்தால் ஒன்றில் சிதைந்ததை இன்னொன்றை வைத்து எப்படிச் சரிபார்த்திருப்பார்? அதே காலத்தில் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் இருந்தார்கள். அவர்களும் வீட்டைச் சுத்தம்தான் செய்தார்கள்.

இடம் போதவில்லை என்பது இந்தக் காலத்தில் ஒரு காரணமே இல்லை. நேரு பிளேஸ் போனால் கைக்கு அடக்கமான வெளி டிஸ்க் டெராபைட் கணக்கில் கிடைக்கிறது. டூப்ளிகேட் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதில் பாதிகூட நிறையாத வீடுகள்தான் அதிகம். பழைய டிஸ்கைக் கழற்றி உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, குறைந்தது ஆறு மாதம் பீரோவில் வையுங்கள். எக்ஸ்சேஞ்சில் ஐநூறு ரூபாய் தள்ளித் தருகிறேன் என்று கடைக்காரர் கேட்பார். கொடுக்காதீர்கள்.