நிக்கல் அவனுக்கு, சேறு யாருக்கு?



பேட்டரி வண்டியில் புகை வராது. நல்லதுதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேட்டரிகள் பலவற்றுக்குள் போகிற நிக்கலை எப்படி எடுக்கிறார்கள் என்று எந்த விளம்பரமும் சொல்றதில்லை. (நிக்கலே இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் இருக்கு. அதையும் சொல்றதில்லை.)

உலக நிக்கலில் பாதிக்கு மேல் தோண்டுகிற நாடு இந்தோனேசியா. அங்கே சுலவேசித் தீவில் காட்டை அழித்துச் செம்மண்ணை வழித்து எடுக்கிறார்கள். நூறு கிலோ மண்ணில் நிக்கல் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை. மண்ணைக் கூழாகக் கரைத்து, கந்தக அமிலம் விட்டு, மூடிய கொப்பரையில் 250 டிகிரி சூட்டில் வேக வைக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் போட்டு அமிலத்தை முறித்தால் இரும்பு தங்கிவிடும். அடுத்துக் காரம் சேர்த்தால் நிக்கலும் கோபால்ட்டும் பச்சைக் களியாகப் படியும். அதை மறுபடி அமிலத்தில் கரைத்து, கோபால்ட்டைப் பிரித்து, காய்ச்சி உறைய வைத்தால் நிக்கல் சல்பேட். நம்ம மயில்துத்தம் மாதிரியே இருக்கும், நிறம் மட்டும் பச்சை. பேட்டரி கம்பெனிக்குப் போவது அதுதான்.

நூறு கிலோ நெல் அரைத்தால் அறுபத்தஞ்சு கிலோ அரிசி. தவிடு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு. இங்கே ஒரு கிலோ போக மிச்சமெல்லாம் சேறு. அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து எடை இன்னும் கூடும். மாடு தின்னாது, வயலில் போட முடியாது. மழை கொட்டுகிற பூமியில் மேடு மேடாகக் குவிக்கிறார்கள். மொரோவாலி தொழிற்பேட்டையில் 2025 மார்ச்சில் அப்படியொரு மேடு சரிந்து மூன்று தொழிலாளிகளை மூடியது.

எங்கேயோ நடக்குது, நமக்கென்ன என்று இருக்க முடியாது. 2023 ஆகஸ்டில் கனிமச் சட்டத்தைத் திருத்தி, நிக்கல், டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. அதை வைத்துத்தான் 2024 நவம்பரில் மேலூர் அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் ஏலம். சனம் திரண்டு மதுரைக்கு நடந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. அதே வருஷம் செப்டம்பரில், முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டது.

தண்ணீர் எங்கிருந்து எடுப்பாய், சேற்றை எங்கே கொட்டுவாய் என்று அதிகாரியை உட்கார வைத்து நாம் கேட்கிற கூட்டம் அது. அந்த உத்தரவைத் திரும்பப் பெறச் சொல்லி, வருகிற கிராம சபையில் ஊருக்கு ஊர் தீர்மானம் போடணும். பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.